சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே: தூரம் தளத்துக்குத் தளம் மாறுது, நேரம் எதோடும் ஒட்டமாட்டேங்குது. எதை நம்பலாம்?

#1 கிளைப்பாதை
எல்லாருக்கும் வணக்கம். பெரிய நகரங்களை விட்டுவிட்டு, வட்டார விமான நிலையங்களை மட்டும் வைத்து எக்செல்லில் ஒரு பயணத் திட்டக் கோப்பு தயார் செய்கிறேன். இரண்டு நிலையங்களைத் தேர்ந்தெடுத்தால் தூரமும் நேரமும் தானாக வந்து நிற்க வேண்டும். கேட்க எளிய வேலைதான்.

சோதனைக்கு ஒரே ஒரு ஜோடியை எடுத்தேன். ஒரு தளம் 412 கி.மீ. என்கிறது. இன்னொன்று 414. மூன்றாவது, அலகே போடாமல் 256 என்கிறது. விமானங்களை நேரலையில் காட்டும் தளத்தில் நேற்றைய விமானம் பறந்த தூரம் 451 கி.மீ.! நேரத்தைக் கேட்கவே வேண்டாம். தூரம் சொல்லும் தளத்தில் 1 மணி 1 நிமிடம். நேரலைத் தளத்தில் 58 நிமிடம். நிறுவனத்தின் கால அட்டவணையில் போக 1.20, திரும்ப 1.10. நேரடி விமானம்தான், நடுவில் எங்கும் நிற்காது. ஏடிஆர் 72 (விசிறி வைத்த சிறிய டர்போப்ராப் விமானம்) ஓடும் தடம்.

இதில் எது சரி? எதை என் கோப்பில் போடுவது?

#2 கணக்கன்
256 என்பது மைல். 1.609-ஆல் பெருக்கினால் உங்கள் 412 வந்துவிடும். விமானியிடம் கேட்டால் 222 என்பார். அது கடல் மைல், ஒன்றுக்கு 1,852 மீட்டர். மூன்றும் ஒரே தூரம், சண்டையே இல்லை.

412-க்கும் 414-க்கும் உள்ள தகராறு வேறு. உங்கள் ஜோடி ஏறக்குறைய வடக்கு தெற்காக, பூமத்திய ரேகைக்கு ரொம்பத் தள்ளிப் போகாமல் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். 414 சொல்லும் தளம் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சுத்தமான உருண்டையாக எடுத்துக்கொண்டு ஹேவர்சைன் சூத்திரத்தில் (உருண்டை மேல் இரு புள்ளிகளுக்கு நடுவே தூரம் தருவது) போட்டிருக்கிறது. பூமி அப்படி இல்லையே. நடுவில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அதனால் பூமத்திய ரேகைப் பக்கம் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் 110.6 கி.மீ.தான், உருண்டைக் கணக்கில் 111.2 வரும். அரை சதவீதம் கூடுதல். 400 கி.மீ.யில் இரண்டு கி.மீ. ஏறிவிடும். 412 சொல்லும் தளம் ஜிபிஎஸ் பயன்படுத்தும் அதே டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்தில் (துருவங்களில் சற்றுத் தட்டையான பூமி வடிவம்) கணக்கிட்டிருக்கிறது. அதற்கு வின்சென்டி 1975-ல் வெளியிட்ட சூத்திரம் இருக்கிறது, மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியம். உங்கள் வேலைக்கு அது ஆடம்பரம். ஹேவர்சைனே போதும்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. விமான நிலைய ஆயத்தொலைவுகளை அரசு ஆவணங்களில் பாகை, நிமிடம், நொடி என்று போட்டிருப்பார்கள். 12 பாகை 30 நிமிடத்தை 12.30 என்று தட்டினால் போச்சு, அது 12.50. அந்த 0.2 பாகை தரையில் 22 கி.மீ. பிறகு, எக்செல்லின் சைன், கோசைன் எல்லாம் ரேடியனில்தான் கேட்கும். பாகையை அப்படியே கொடுத்தால் வரும் தூரத்துக்கு விமானம் மட்டும் போதாது, ராக்கெட் வேண்டும்.

#3 கிளைப்பாதை
ஊகம் சரிதான் சார், வடக்கு தெற்கு, பத்தாவது பாகைப் பக்கம். கிழக்கு மேற்கு ஜோடிகளும் பட்டியலில் நிறைய வரும். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அது உண்மையில் நேர்கோடு இல்லை, வளைந்து போவதுதான் குறுக்குவழி என்று படித்தேன். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

#4 கணக்கன்
ஹேவர்சைன் தருவதே அந்த வளைவின் நீளத்தைத்தான். பெருவட்டம் என்பது அதுதான். கண்டம் தாண்டும் பயணத்தில் அது பெரிய விஷயம். உங்கள் மாதிரி குட்டித் தடங்களில் ஒன்றுமே இல்லை. பத்தாவது பாகையில் கிழக்கு மேற்காக 500 கி.மீ. போகும் தடத்தில், ஒரே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு போனாலும் பெருவட்டத்தைவிட 4 மீட்டர்தான் அதிகம். அறுபதாவது பாகைக்குப் போனால் அதே 500 கி.மீ.க்கு 380 மீட்டர் கூடும். விமானம் ஓடுபாதையிலேயே அதைவிட அதிகமாக ஓடும். இதற்காகத் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

#5 சந்தேகசாமி
தூரமெல்லாம் இருக்கட்டும் பாஸ். நேரத்துக்கு வாங்க. விமானம் 800-ல பறக்குது. 412 கி.மீ.ன்னா அரை மணி. அட்டவணையில ஒண்ணு இருபதாம்! அரை மணி வேலைக்கு எண்பது நிமிஷம் எழுதி வெச்சுக்கிட்டு, எழுபதுல இறங்கிட்டு, "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்"னு மைக்ல பெருமை வேற. எல்லா நிறுவனமும் இதே கதைதான். இதுல சூத்திரம் எங்கிருந்து வரும்?

#6 ஓடுபாதை27
ஏடிஆர் துணை விமானியா இருக்கேன். நிறுவனம் எதுன்னு கேக்காதீங்க.

சந்தேகசாமி அண்ணே, முதல்ல அந்த 800-ஐ கீழே வைங்க. ஏடிஆர் 72-600 அதிகபட்சமா பயணிக்கிற வேகமே 275 நாட், அதாவது மணிக்கு 510 கி.மீ. 800 சொச்சம் போறது ஏ320 மாதிரி ஜெட். கிளைப்பாதை பார்த்த தளத்துல 1 மணி 1 நிமிடம்னு வந்திருக்கே, அது எப்படி வந்துச்சுன்னு சொல்லட்டுமா? 500 மைல் வேகம், மேல அரை மணி. 256 மைலுக்கு 31 நிமிஷம், கூட 30, ஆக 61. எந்த விமானம், எந்த ஓடுபாதை, எதுவும் அதுக்குத் தெரியாது. உலகத்துல எந்த ஜோடியைக் குடுத்தாலும் இதே கணக்குதான். ஏடிஆர் வானத்துல இருக்கிற நேரத்தோட ஒட்டி வந்தது தற்செயல்.

நாங்க எப்படிப் போறோம்னு வரிசையா சொல்றேன். கதவு மூடி, சக்கரக் கட்டையை எடுத்து நகர ஆரம்பிக்கிற நிமிஷம்தான் அட்டவணையில இருக்கிற புறப்பாட்டு நேரம். டேக் ஆஃப் இல்ல. அங்கிருந்து ஓடுபாதை முனைக்குப் போகணும். சின்ன நிலையங்கள் பலதுல ஓடுபாதைக்குப் பக்கத்துல இணையா டாக்ஸி பாதையே இருக்காது. ஓடுபாதை மேலேயே உருண்டு கடைசி வரைக்கும் போய், வட்டம் போட்டுத் திரும்பி நிக்கணும். 2,000 மீட்டர் ஓடுபாதைன்னா அதுக்கே மூணு நிமிஷம். அந்த நேரத்துல வேற யாராவது இறங்க வந்தா நாங்க வெளியில காத்திருக்கணும், இல்ல அவங்க மேலே சுத்தணும்.

ஏறினப்புறமும் உடனே 510 வந்துடாது. மேலே ஏறும்போது 170 நாட் பக்கம்தான் வேகமானி முள்ளு நிக்கும். உயரம் கூடக்கூட காத்து லேசாகிறதால நிஜ வேகம் கொஞ்சம் கொஞ்சமா கூடும். இறங்குறதுக்கு ஒரு கைக்கணக்கு: ஆயிரம் அடிக்கு மூணு கடல் மைல். 18,000 அடியில இருந்தா 54 கடல் மைல், சுத்தமா 100 கி.மீ. முன்னாடியே மூக்கைத் தாழ்த்தியாகணும். ஆக 412-ல முழு வேகத்துல போறது நடுவுல ஒரு பாதி தூரம்தான்.

#7 சந்தேகசாமி
சரிப்பா, ஏடிஆர்னு எனக்குத் தெரியும், ஆனா ஜெட் விட்டா அரை மணியில போயிடுவான்ல? அதைத்தான் சொல்றேன்.

#8 ஓடுபாதை27
போக முடியாது அண்ணே. ஜெட் 35,000 அடிக்கு ஏறினா இறங்கவே 105 கடல் மைல் வேணும், 194 கி.மீ. ஏறுறதுக்கும் கிட்டத்தட்ட அந்த அளவு. 412-ல மிச்சம் என்ன இருக்கு? அதனால இந்த மாதிரி தடத்துல பாதி உயரத்தோட நிறுத்திக்குவாங்க. பல நாடுகள்ல 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல போகக்கூடாதுங்கிற விதியும் இருக்கு. அது ஜெட்டைத்தான் பிடிச்சு இழுக்கும், எங்களை இல்ல. தரையில இருந்து தரைக்கு ஜெட் 45 நிமிஷம், நாங்க ஒரு மணி சொச்சம். மிச்சமாகிற கால் மணிக்காக அவ்வளவு எரிபொருள் குடிக்கணுமான்னு கணக்கு போட்டுப் பார்த்துத்தான் குட்டித் தடங்கள்ல டர்போப்ராப் விடுறாங்க. 1,500 கி.மீ.க்கு இதே பேச்சு எடுபடாது, அங்கே ஜெட்தான் ராஜா.

#9 ஜன்னலோரம்
ஓடுபாதை மேலேயே உருண்டு போய் வட்டம் போடுவது எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. பக்கத்து இருக்கைக்காரர்கள் "என்ன, திரும்ப வந்துட்டோமா?" என்று பதறுவார்கள்.

நேரலைத் தளத்தின் 58 நிமிடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தளங்கள் விமானம் தான் இருக்கும் இடத்தைச் சொல்லி ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையைத் தரையிலுள்ள வாங்கிகளில் பிடித்துத்தான் காட்டுகின்றன. அலைவரிசை 1,090 மெகாஹெர்ட்ஸ். அது நேர்கோட்டில்தான் போகும், மலையோ பூமியின் வளைவோ குறுக்கே வந்தால் கேட்காது. பெரிய நகரங்களில் வாங்கி வைத்திருக்கும் ஆர்வலர்கள் நிறையப் பேர், ஓடுபாதையில் உருள்வதுகூடத் தெரியும். சிறிய நிலையங்களின் பக்கம் ஒருவரும் இல்லையென்றால் விமானம் சில ஆயிரம் அடி ஏறிய பிறகுதான் திரையில் முளைக்கும், இறங்கும்போதும் முன்னாலேயே மறைந்துவிடும். கிளைப்பாதை, உங்கள் விமானத்தின் உயர வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பூஜ்யத்தில் தொடங்குகிறதா, இல்லை 3,000 அடியிலிருந்தா?

#10 கிளைப்பாதை
பார்த்தேன் மேடம். 2,600 அடியில் தொடங்கி 1,900 அடியில் முடிகிறது! அப்படியானால் 58 என்பது குறைந்தபட்சம். உண்மையில் 62 போல இருக்கலாம்.

ஆனால் 451 கி.மீ. இன்னும் உதைக்கிறது. பெருவட்டம் 412. அந்த 39 கி.மீ. எங்கே போனது? போக 1.20, வர 1.10 என்பதும் புரியவில்லை. காற்றா?

#11 ஓடுபாதை27
காத்தும் உண்டு. முதல் காரணம் அது இல்ல, ஓடுபாதை பார்த்திருக்கிற திசை.

விமானம் காத்தை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். நீங்க வடக்கே போகணும், ஓடுபாதையும் வடக்கு தெற்கு, காத்து வடக்குல இருந்து வருது. ஏறின கையோட நேரா போயிடலாம். சேர்ற இடத்துலயும் அதே காத்துன்னா நேரா வந்து இறங்கிடலாம். ஒரு மீட்டர் வீண் இல்ல. காத்து தெற்குக்கு மாறினா எல்லாம் தலைகீழ். தெற்கே பார்த்து ஏறி, திரும்பி வடக்கே வரணும். சேர்ற இடத்துல நிலையத்தைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் திரும்பி, தெற்கே பார்த்து இறங்கணும். இந்த ஒரு சுத்துக்கே 30, 40 கி.மீ. கூடும். அதுவும் வேகம் குறைஞ்ச கட்டத்துல போற கிலோமீட்டர். 370 வேகத்துல 37 கி.மீ.ன்னா ஆறு நிமிஷம். நடு வானத்துல 37 கி.மீ. நாலரை நிமிஷத்துல போயிடும்.

ரேடார் இல்லாத நிலையமா இருந்தா இன்னொரு செலவு. கட்டுப்பாட்டாளருக்குத் திரையில எங்களைத் தெரியாது. நாங்க சொல்ற இடம், உயரம், நேரத்தை வெச்சே பிரிச்சு விடணும். ஒருத்தர் இறங்கி முடிக்கிற வரைக்கும் அடுத்தவரை அணுகவே விடமாட்டாங்க. மேகம் தாழ்வா இருந்தா நிலையத்துல இருக்கிற விஓஆர் கருவிக்கு (திசை காட்டுற வானொலி) மேலே முதல்ல வந்து, அங்கிருந்து வெளியே போய், திரும்பி உள்ளே வர்ற பழைய முறையும் சில இடத்துல இன்னும் உண்டு. செயற்கைக்கோள் வழி அணுகுமுறை வந்த இடங்கள்ல இது கணிசமா குறைஞ்சிருக்கு.

போகும்போது ஒண்ணு இருபதுன்னா, நீங்க சேர்ற நிலையத்துல பெரும்பாலும் இந்தச் சுத்து இருக்கும்னு நினைக்கிறேன்.

#12 டிஸ்பாட்ச்_மேசை
துணை விமானி தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் அலுவலகப் பக்கத்தைச் சொல்கிறேன்.

அட்டவணையில் இருப்பது பிளாக் டைம். சக்கரக் கட்டை எடுத்த நிமிடத்திலிருந்து மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நின்ற நிமிடம் வரை. ஒவ்வொரு பறப்புக்கும் நான்கு நேரங்கள் பதிவாகும்: நகர்ந்தது, தரையை விட்டது, தரையைத் தொட்டது, நின்றது. பல விமானங்களில் இதைக் கருவியே தரைக்கு அனுப்பிவிடும். முந்தைய ஆண்டுகளின் இதே பருவத்துப் பதிவுகளை எடுத்து, விமான வகை, புறப்படும் வேளை வாரியாகப் பிரித்து, பாதிக்குச் சற்று அதிகமான நாட்கள் அடங்கும்படி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்போம். அதனால் ஒரே தடத்தில் காலை விமானத்துக்கும் மாலை விமானத்துக்கும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரம் மாறலாம்.

சந்தேகசாமி ஐயா சொல்லும் திணிப்பு (அட்டவணையில் வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டி எழுதுவது) இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் தாமதமில்லை என்பதுதான் துறையில் பரவலான அளவுகோல். அமெரிக்காவில் 1987 முதல் நிறுவன வாரியாக அந்தக் கணக்கை அரசே வெளியிடுகிறது. பட்டியலில் மேலே வர வேண்டுமென்றால் அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் மலிவான வழி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒரு ஏடிஆர் நாளொன்றுக்கு ஆறு தடவை பறக்கிறது என்றால், தடவைக்கு ஐந்து நிமிடம் திணித்தால் அரை மணி போய்விடும். ஏழாவது பறப்புக்கு இடமில்லாமல் ஆகலாம். விமான ஊழியர்களின் பணி நேர வரம்பும் பிளாக் நேரத்தோடுதான் உரசும். திணிக்கச் சொல்லி ஒருவர், குறைக்கச் சொல்லி இன்னொருவர் என்று கூட்டத்தில் அடித்துக்கொள்வோம்.

#13 சந்தேகசாமி
"சத்தியம் செய்ய மாட்டேன்". அது போதும் எனக்கு. 😄

#14 கணக்கன்
காற்றைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. இதில் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகப் போய்விடும் என்று. போகாது.

தூரம் 400 கி.மீ., விமானத்தின் வேகம் 500. காற்றில்லாவிட்டால் போக 48, வர 48, மொத்தம் 96 நிமிடம். இப்போது 100 கி.மீ. வேகத்தில் காற்று. எதிர்த்துப் போகும்போது தரை வேகம் 400, ஒரு மணி நேரம் ஆகும். திரும்பும்போது 600, நாற்பது நிமிடம். மொத்தம் 100. நான்கு நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்கள், அதனால் அது அதிகம் கெடுக்கிறது. பக்கவாட்டில் அடித்தாலும் தப்ப முடியாது. அதே 100 நேர் குறுக்காக அடித்தால் மூக்கைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் பறக்க வேண்டும், தரை வேகம் 490-க்கு இறங்கும்.

மெதுவான விமானத்தைத்தான் காற்று அதிகம் படுத்தும். 800-ல் போகும் ஜெட்டுக்கு அதே எதிர்காற்று எட்டில் ஒரு பங்கு, ஏடிஆருக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஜெட் பறக்கும் உயரத்தில் காற்றே பல மடங்கு பலமாக இருக்கக்கூடும், அது தனிக் கதை. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது ஜெட் ஸ்ட்ரீம் என்ற மேல்வானத்து வேகக் காற்றின் புண்ணியத்தில்தான்.

#15 வழக்குரை
பயணம் எப்போது "முடிந்தது" என்ற கேள்விக்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லையே. அதுவும் இரண்டு நடுத்தர நிலையங்களுக்கு நடுவே நடந்த வழக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்ற விதி. 2009-ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்/பான் வந்த ஒரு விமானம் 14.40-க்குச் சேர வேண்டியது. சக்கரம் தரையைத் தொட்டது 17.38-க்கு. நிறுத்துமிடத்தில் நின்றது 17.43-க்கு. தரையைத் தொட்டதை எடுத்துக்கொண்டால் தாமதம் 2 மணி 58 நிமிடம், இழப்பீடு இல்லை. நின்றதை எடுத்தால் 3 மணி 3 நிமிடம். கீழ் நீதிமன்றம் ஐரோப்பிய நீதிமன்றத்திடம் கேட்டது. 2014-ல் பதில் வந்தது: தரையைத் தொட்டதும் அல்ல, நின்றதும் அல்ல. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் வெளியேறலாம் என்ற நிலை வரும் நேரம்தான் வந்து சேர்ந்த நேரம். அதுவரை பயணி மூடிய இடத்துக்குள் கட்டுப்பட்டுத்தானே இருக்கிறார் என்பது காரணம்.

தூரத்துக்கும் அதே விதியில் வேலை உண்டு. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் படிப்படியாக உயரும். அந்தத் தூரம் பெருவட்டக் கணக்கு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. வழியில் விமானம் மாறினால்? 2017-ல் அதற்கும் தீர்ப்பு: முதலில் புறப்பட்ட இடத்துக்கும் கடைசியாகச் சேர்ந்த இடத்துக்கும் நடுவே பெருவட்டம், எத்தனை கிலோமீட்டர் சுற்றி வந்தீர்கள் என்பது கணக்கில் வராது. கணக்கன் அவர்களின் 412, 414 தகராறு 1,500-க்கு அருகில் வந்தால் பணமாகிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

#16 கணக்கன்
ஆகா. அப்படியானால் வின்சென்டி ஆடம்பரம் என்று சொன்னது பயணத் திட்டத்துக்கு மட்டும்தான், வக்கீல்களுக்கு இல்லை.

#17 பசுங்காற்று
பெருவட்டத்துக்கும் பறந்த தூரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கார்பன் கணக்குக்காரர்கள் எப்போதோ எண்ணாக்கிவிட்டார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் கணிப்பானில், பெருவட்டம் 550 கி.மீ.க்குக் குறைவென்றால் 50 கி.மீ. கூட்டுவார்கள். 550 முதல் 5,500 வரை 100 கி.மீ. அதற்கு மேல் 125. ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டத்தில் தூரம் பார்க்காமல் ஒரே 95 கி.மீ.

கவனித்தீர்களா, சதவீதமாகக் கூட்டவில்லை, நிலையான எண்ணாகக் கூட்டுகிறார்கள். காரணம் ஓடுபாதை27 சொன்னதுதான்: சுற்றல் பெரும்பாலும் இரு முனைகளிலும் நடக்கிறது, நடுவில் அவ்வளவு இல்லை. 412-க்கு 39 கூடியது ஏறக்குறைய பத்து சதவீதம். 4,000 கி.மீ. பயணத்தில் அதே சுற்றல் ஒரு சதவீதம். குட்டித் தடங்கள் கிலோமீட்டருக்கு அதிகம் உமிழ்வதாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கெல்லாம் பேசாமல் ரயிலில் போகலாம் என்றால்...

#18 நெறியாளர்
ரயிலா விமானமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே ஏற்கெனவே போதுமான அளவு சண்டை நடக்கிறது. இங்கே தூரமும் நேரமும் மட்டும்.

#19 கிளைப்பாதை
இதுவரை புரிந்ததை வைத்து ஒரு சூத்திரம் போட்டேன்: பெருவட்டம் கூட்டல் 50, அதை ஏடிஆருக்கு மணிக்கு 440 என்ற சராசரியால் வகுப்பது, மேலே தரை நேரம் 12 நிமிடம். 462-க்கு 63 நிமிடம், 12 சேர்த்தால் 75. அட்டவணையின் 70-க்கும் 80-க்கும் சரியாக நடுவில் விழுகிறது. இப்படியே விடலாமா?

#20 டிஸ்பாட்ச்_மேசை
இந்த ஜோடிக்குச் சரி. 200 கி.மீ. ஜோடியில் போட்டால் நேரம் குறைவாக வரும், 900-ல் அதிகமாக வரும். சராசரி வேகம் தூரத்தோடு மாறும், அதை நிலையாக வைக்காதீர்கள். நடுவானத்து வேகத்தை வையுங்கள், ஏற்ற இறக்கத்தில் இழக்கும் நிமிடங்களைத் தனியாகக் கூட்டுங்கள். என் கைக்கணக்கு: ஏடிஆருக்கு 500 வேகம், இழப்பு 8 நிமிடம். ஜெட்டுக்கு 800, இழப்பு 11. உங்கள் 462 கி.மீ.க்கு ஏடிஆர் 55 கூட்டல் 8, அதே 63 வருகிறது. ஜெட் 35 கூட்டல் 11, 46. துணை விமானி தம்பி சொன்ன 45-உடன் ஒத்துப்போகிறது பாருங்கள்.

தரை நேரத்தையும் எல்லா இடத்துக்கும் 12 என்று போடாதீர்கள். கோப்பில் அதற்கென்று ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்து நிலைய வாரியாக எழுதுங்கள். இணை டாக்ஸி பாதை இல்லாத இடத்துக்கு மூன்று நிமிடம் கூட்டுங்கள். ஒரு முனை நெரிசலான பெரிய நிலையம் என்றால் 12 எங்கே, 25-ஏ பத்தாது.

#21 சந்தேகசாமி
உங்க சூத்திரத்துல இதைப் போடுங்க பார்ப்போம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள்ல வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரேன்னு ரெண்டு. நடுவுல 2.7 கி.மீ. உலகத்துலயே ரொம்பக் குட்டியான பயணிகள் சேவை, 1967-லேர்ந்து ஓடுது. அட்டவணையில ரெண்டு நிமிஷம். காத்து சாதகமா இருந்த அன்னிக்கு 53 நொடியில போயிருக்கான். உங்க கணக்குல 50 கி.மீ. கூட்டி, 8 நிமிஷம், 12 நிமிஷம்னு போட்டா அரை மணி கிட்ட வரும். இந்த விமான ஆளுங்க சூத்திரம் எல்லாமே இப்படித்தான்!

#22 ஓடுபாதை27
அண்ணே, அது பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர். பத்துப் பேருக்குள்ள உக்கார்ற குட்டி. சில நூறு அடிக்கு மேல ஏறாது, சுத்து வட்டம் எதுவும் இல்ல, கண்ணால பார்த்தே எதிர்க்கரையில இறங்கிடுவாங்க. அதைக் கொண்டுவந்து ஏடிஆர் கணக்குல மாட்டுறீங்களே.

ஆனா கேள்வியில நியாயம் இருக்கு. கிளைப்பாதை, 100 கி.மீ.க்குக் கீழே இருக்கிற ஜோடிக்குச் சூத்திரமே வேண்டாம், அட்டவணையைப் பார்த்துக் கையால போட்டுடுங்க. தீவுத் தடங்கள்தான் பெரும்பாலும் அப்படி இருக்கும், எண்ணிக்கையும் அதிகம் வராது.

#23 ஜன்னலோரம்
அட்டவணையிலிருந்து கையால் எடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். புறப்பாடு, சேருதல் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் கால் மணி வித்தியாசம். ஒரு மணி நேரப் பயணம், காத்மாண்டுவுக்குப் போகும்போது கழித்துப் பார்த்தால் 1.15 என்று காட்டும், வரும்போது 45 நிமிடம். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் இன்னும் வேடிக்கை. கோடையில் சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி நகர்த்தும்போது அங்கே அரை மணிதான் நகர்த்துகிறார்கள். அதனால் குளிர்காலத்தில் சிட்னியிலிருந்து அரை மணி வித்தியாசம், கோடையில் வித்தியாசமே இல்லை. விமானம் அதே வேகத்தில்தான் போகும், கழித்துப் பார்க்கும் எண் மட்டும் பருவத்துக்கு ஒன்று.

#24 கணக்கன்
எல்லாவற்றையும் யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றிவிட்டுக் கழியுங்கள். நேர மண்டலத்தை "+5.30" என்று எண்ணாகச் சேமிக்காதீர்கள், நிலையத்தின் மண்டலப் பெயராகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் கோடை நேரம் மாறும் நாளில் பாதி வரிசை கெட்டுப்போகும். 5.30-ஐ எக்செல் ஐந்தேகால் சொச்சம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. முன்னே சொன்ன 12.30 குழியேதான், வேறு வாசல்.

#25 கிளைப்பாதை
மண்டலப் பெயர், தரை நிமிடம், விமான வகை மூன்றுக்கும் பத்தி சேர்த்துவிட்டேன். தூரம் பெருவட்டமாக ஒரு பத்தி, 50 கூட்டியது இன்னொரு பத்தி. பயணிக்குக் காட்டுவது முதல் எண்ணை, நேரம் கணக்கிட எடுப்பது இரண்டாவதை.

ஓடுபாதை27, கடைசியாக ஒன்று. மாலைக் கடைசி விமானங்களுக்கு இந்த நேரத்தை அப்படியே நம்பலாமா?

#26 ஓடுபாதை27
நம்பலாம், ஆனா நிலையம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்குன்னு ஒரு பத்தி போடுங்க. சின்ன நிலையங்கள் பலதுக்கு வேலை நேரம் உண்டு, சிலதுல ஓடுபாதை விளக்கே கிடையாது, பொழுது சாய்ஞ்சா இறங்க முடியாது. 17.50-க்குச் சேர வேண்டிய விமானம், மூடுற நேரம் 18.15-ன்னா, நாள் பூரா சேர்ந்த தாமதம் 25 நிமிஷத்தைத் தாண்டின உடனே புறப்படவே விடமாட்டாங்க. நீட்டிக்கச் சொல்லிக் கேக்கலாம், கிடைக்கும்னு உறுதி இல்ல. அதனால சேர்ற நேரத்துக்கும் மூடுற நேரத்துக்கும் இடையில 30 நிமிஷத்துக்குக் குறைவா இருக்கிற ஜோடியை மட்டும் சிவப்புல காட்டுற மாதிரி வெச்சுடுங்க. வேலை நேரமெல்லாம் அந்தந்த நாட்டோட வான்வழித் தகவல் ஏட்டுல நிலைய வாரியா இருக்கும், பெரும்பாலும் யுடிசியில.